பாதாம் இலை ஊறிய தண்ணீரைத் தேனீ குடிக்கிறது. கெடுதல் உண்டா?

மொட்டைமாடி மீன்காரன், கொளத்தூர்

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தொழில் வண்ண மீன். கொளத்தூரில் வீட்டு மொட்டைமாடியிலேயே பதினெட்டு வருஷமாக ஃபைட்டர் வளர்த்து விற்கிறேன். தேனீ எனக்குப் புதுசு. போன வருஷம் தை மாதம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தேன். அடுக்குத் தேனீதான், நம் நாட்டுச் சாதி. மாடியின் வடகிழக்கு மூலையில், மேல்தொட்டியின் நிழல் விழும் இடத்தில் வைத்திருக்கிறேன். முருங்கையும் புங்கையும் பூத்த மாதங்களில் நன்றாகப் பெருகின.

என் கேள்வி தண்ணீரைப் பற்றியது. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைட்டர் வளர்ப்பவர்களுக்குப் பாதாம் இலை தெரியாமல் இருக்காது. தெருவோரம் குடை மாதிரி அடுக்கடுக்காக நிற்குமே, அந்த நாட்டு வாதுமை மரத்து இலை. சிவந்து தானாக உதிர்ந்ததை மட்டும் பொறுக்கி, கழுவி, நிழலில் காயவைத்து வைத்துக்கொள்வேன். இருபது லிட்டர் தொட்டிக்கு இரண்டு இலை போட்டால் மூன்றாம் நாள் தண்ணீர் பால் ஊற்றாத டீ நிறத்துக்கு வந்துவிடும். மீனுக்குத் துடுப்பு அழுகல் குறையும், முட்டையில் பூஞ்சை பிடிக்காது, ஆண் மீன் நுரைக்கூட்டை நிதானமாகக் கட்டும். அந்த நிறத்தைத் தருவது டானின் என்பார்கள். நாக்கில் வைத்தால் நாவல் கொட்டை மாதிரி துவர்க்கும்.

பெட்டிக்குப் பத்தடி தள்ளி மண் தட்டில் கூழாங்கல் போட்டு, மெட்ரோ வாட்டர் பிடித்து ஊற்றி, தேனீக்கென்றே வைத்தேன். ஒன்றுகூட வரவில்லை. பங்குனி வெயில் ஏறியதும் எல்லாம் நேராகப் பாதாம் இலைத் தொட்டிக்குப் போக ஆரம்பித்தன. முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தேன். மிதக்கும் இலையின் நடு நரம்பில் வரிசையாக இறங்கி, தலையைத் தாழ்த்தி, நாக்கை இலைக்கும் தண்ணீருக்கும் நடுவே செருகிக்கொண்டு குடிக்கின்றன. வயிறு மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. ஒன்று குடித்து முடித்துப் பறக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பத்து நிமிஷத்தில் முப்பதுக்கு மேல் எண்ணினேன்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வாரமாகப் பெட்டிக்குக் கீழே செத்த தேனீக்கள் கிடக்கின்றன. மற்ற நாளில் ஐந்தாறு. திங்கட்கிழமை காலையில் கூட்டும்போது மட்டும் நாற்பது, ஐம்பது. சிறகு விரிந்து, நாக்கை நீட்டியபடி. சில உயிரோடு கிடந்து, முதுகில் சுழன்றுகொண்டிருந்தன. பெட்டியைத் திறந்து பார்த்தேன். ராணி இருக்கிறது, முட்டையும் புழுவும் சரியாக இருக்கின்றன, மூடிய அறைகளும் நன்றாகவே தெரிகின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு தேனீக்காரர், "துவர்ப்பு குடலைக் கட்டிப்போடும், முதலில் இலையை எடுத்து எறி" என்கிறார். பொன்னேரியில் இருக்கும் என் பெரியம்மா இதற்கு நேர் எதிர். கடுக்காய்த் தண்ணீரைப் பாகில் கலந்து கொடு, வயிறு சுத்தமாகும் என்கிறார். போன கார்த்திகை மழையில் பூ இல்லாதபோது, பெரியம்மா பேச்சைக் கேட்டு, கடுக்காய் இல்லாததால் பத்துப் பாதாம் இலையைக் கொதிக்கவைத்து, அந்தக் கஷாயத்தில் ஒன்றுக்கு ஒன்று சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்தேன். இரண்டு நாள் தொடவே இல்லை, புளித்துப்போய்க் கொட்டினேன். வெறும் பாகு வைத்ததும் விடிவதற்குள் காலி.

கஷாயத்தை ஒதுக்கிய அதே தேனீ, இலை ஊறிய தண்ணீரைத் தேடி வருவது ஏன்? டானின்தான் இவற்றைக் கொல்கிறதா? இலை இல்லாமல் என்னால் மீன் வளர்க்க முடியாது. அதற்காகத் தேனீயை விட்டுவிடவும் மனசு இல்லை. இரண்டு உயிரும் என் கையில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டைக்குழி, மாதவரம்

தம்பி, நான் படித்தவன் இல்லை, ஆனால் துவர்ப்பு என்றால் என்னவென்று பிறந்ததிலிருந்து தெரியும். எங்கப்பா மாதவரத்தில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். பெரியமேட்டுக்குப் போகிற ஆட்டுத்தோல் எல்லாம் அந்தக் காலத்தில் பட்டைக்குழியில்தான் பதமாகும். சுண்ணாம்புக் குழியில் முடி கழன்று, கழுவி, ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் நாள்கணக்கில் கிடக்கும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். பச்சைத்தோலை அப்படியே விட்டால் இரண்டு நாளில் புழு வைத்துவிடும். பட்டைத் தண்ணீர் குடித்த தோல் இருபது வருஷம் ஆனாலும் அழுகாது. அப்பா கை விரல் நகம் கடைசிவரை பழுப்பாகத்தான் இருந்தது.

தோலில் இருப்பது புரதம். துவர்ப்பு போய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, பிறகு கிருமியால் அதைத் தின்ன முடிவதில்லை. பாக்கு மென்றாலோ, வாழைப்பூவை ஆயாமல் சமைத்தாலோ வாய் இழுத்துப்பிடிக்கிறதே, அதுவும் இதேதான். எச்சிலில் இருக்கும் புரதத்தை அது கட்டிவிடுகிறது. உங்கள் தேனீக்காரர் "குடலைக் கட்டிப்போடும்" என்று சொன்னது இதை மனதில் வைத்துத்தான் இருக்கும். முழுக்கத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். தேனீக்குப் புரதம் கிடைப்பது மகரந்தத்திலிருந்து மட்டும். அதைச் செரிக்கும்போது துவர்ப்பு நிறைய வந்து சேர்ந்தால் நல்லது இல்லை.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. பட்டைக்குழித் தண்ணீர் கறுப்பாக, கையில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். உங்கள் தொட்டித் தண்ணீர் அதன் பக்கத்தில்கூட வராது. அதில் மீன் குஞ்சு பொரிக்கிறதே! செவுள் எவ்வளவு மெல்லிய தோல், அதுவே தாங்குகிறது.

இன்னொன்று. மரத்தில் துவர்ப்பு இருந்தால் பூவிலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நாவல் கொட்டையும் பட்டையும் எவ்வளவு துவர்ப்பு! நாவல் பூத்தால் என் ஆறு பெட்டியும் அங்கேதான் இருக்கும். புளியங்கொட்டைத் தோலும் அப்படித்தான், ஆனால் புளியம்பூவில் மொய்க்கிற மொய்ப்பைப் பாருங்கள். மரம் தன் பட்டையையும் விதையையும் காப்பாற்றத் துவர்ப்பு வைத்திருக்கிறது. பூவில் விருந்துதான் வைக்கிறது.

திங்கட்கிழமைச் சாவைப் படித்ததும் எனக்குப் பழைய பயம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னாட்டு அடுக்குத் தேனீயை வாரிக்கொண்டு போனது. மார்த்தாண்டத்துப் பக்கம் ஊர் ஊராகப் பெட்டிகள் வெறும் பெட்டிகளாக நின்றன. ஆனால் அதில் சாவது புழு. அறைக்குள் தலையை நிமிர்த்திக்கொண்டு, இடுக்கியால் தூக்கினால் தண்ணீர் நிரம்பிய பை மாதிரி வரும். உங்களுக்குப் புழு நன்றாக இருக்கிறது, வளர்ந்த தேனீதான் சாகிறது. ஆகவே அது இல்லை. வேறு எதுவோ இருக்கிறது. எனக்குப் பிடிபடவில்லை, படித்த பிள்ளைகள் யாராவது சொல்லட்டும்.

பூச்சியியல் மாணவி

அண்ணா, முதலில் உங்கள் "ஏன்" கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் எடுக்கப் போகும் தேனீ சுத்தமான தண்ணீரைத் தேடுவதில்லை. அது தண்ணீரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாலும் வாசனையை வைத்துத்தான். இலை ஊறின வாசனை, பாசி வாசனை, ஈர மண் வாசனை எல்லாம் அதற்கு அடையாளம். உப்பும் தாதுக்களும் கரைந்த தண்ணீர் என்றால் இன்னும் பிடிக்கும். உங்கள் மண் தட்டில் குளோரின் வாசனையைத் தவிர ஒன்றும் இருந்திருக்காது. ஒருமுறை ஓர் இடத்தைப் பழகிவிட்டால் அந்த வாசனையையும் இடத்தையும் மறக்காது, திரும்பத் திரும்ப அங்கேயே போகும். வெயில் காலத்தில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து அடையின்மேல் துளித்துளியாகப் பரப்பி, சிறகால் விசிறிக் கூட்டைக் குளிரவைக்கின்றன. கெட்டியான தேனை இளக்கவும் தண்ணீர் வேண்டும்.

கஷாயப் பாகை ஒதுக்கியதற்குக் காரணம் அடர்த்திதான். 1993இல் ஜெர்மனியில் அறுபதுக்கும் மேற்பட்ட தாவரப் பொருட்களை ஒவ்வொன்றாகச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து தேனீக்கு வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றை அளவு கூடியதும் தேனீ தள்ளிவிட்டது. ஆனால் தேனீயின் நாக்கை மட்டும் நம்பி எதையும் கலக்காதீர்கள். இத்தாலியத் தேனீயின் மரபணுத் தொகுப்பு 2006இல் வெளியானபோது, சுவையறியும் மரபணுக்கள் அதில் 10 தான் என்று தெரியவந்தது. பழ ஈக்கு 60 இருக்கிறது. பூ தருவது பெரும்பாலும் நல்லதுதான் என்பதால் தேனீக்கு நஞ்சைச் சுவைத்துத் தெரிந்துகொள்ளும் திறமை பெரிதாகத் தேவைப்படவில்லை போலும்.

டானின் பூச்சிக்கு நஞ்சு என்ற பேச்சு கம்பளிப்பூச்சியிலிருந்து வந்தது. இலை தின்னும் கம்பளிப்பூச்சிகள் பலவற்றின் குடல் நல்ல காரம், அதாவது அமிலத்துக்கு நேர் எதிர். அந்தக் காரத்தில் பாதாம் இலை, கடுக்காய், மாதுளைத் தோல் இவற்றில் இருக்கும் வகை டானின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிதைந்து, குடல் சுவரை அரிக்கும் பொருட்களாக மாறுகிறது. தேனீயின் நடுக்குடல் அப்படி இல்லை, லேசான அமிலம். அங்கே இந்த அரிப்பு வேலை அவ்வளவாக நடக்காது. ஆனால் பட்டைக்குழி ஐயா சொன்ன அந்தப் புரதத்தைக் கட்டும் வேலை அமிலத்திலும் நடக்கும். அதனால்தான் பாகில் கலக்க வேண்டாம் என்கிறேன். தண்ணீர் வந்து போய்விடும், பாகு அப்படி இல்லை. அறையில் சேமிக்கப்பட்டு, கெட்டியாகி, துவர்ப்பும் சேர்ந்தே அடர்த்தியாகும். வேலைக்காரத் தேனீப் புழுவுக்கு முதல் மூன்று நாள் செவிலித் தேனீயின் சுரப்பிப் பால்தான் உணவு. அதற்குப் பிறகு தேனும் மகரந்தமும் கலந்து ஊட்டுவார்கள். அந்தத் தேனில் உங்கள் கஷாயமும் இருக்கும்.

பெரியம்மா சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். செடியின் இந்த மாதிரிப் பொருட்கள் தேனீக்கு மருந்தாகவும் ஆகின்றன. மகரந்தத்தின் மேலுறையிலும் தேனிலும் இருக்கும் பி-கூமாரிக் அமிலம் என்ற பொருள், தேனீயின் உடம்பில் நஞ்சை முறிக்கும் மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது என்று 2013இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். வெறும் சர்க்கரைப் பாகில் அது கிடையாது. ஆனால் அது டானின் இல்லை, டானினுக்குத் தூரத்து உறவு. ஒன்றுக்கு நிரூபித்ததை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து வேண்டுமென்றால் மாடியில் துளசியும் முருங்கையும் பூக்கட்டும், தேனீயே போய் எடுத்துக்கொள்ளும்.

இப்போது முக்கியமான விஷயம். நாக்கு வெளியே நீட்டியபடி சாவது, முதுகில் கிடந்து சுழல்வது, ஒரே நாளில் மொத்தமாகச் சாவது. இது துவர்ப்பின் வேலை இல்லை அண்ணா. இது பூச்சிமருந்து நரம்பைத் தாக்கியதன் அடையாளம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாடியில் என்ன நடக்கிறது? மீனுக்கு ஏதாவது மருந்து போடுகிறீர்களா? எந்தப் பாத்திரத்தில் கலக்குகிறீர்கள்?

மொட்டைமாடி மீன்காரன், கொளத்தூர்

தங்கச்சி, உன் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வரிசையில் தங்கமீன் தொட்டிகள் இருக்கின்றன. ஒரு மாதமாக அதில் மீன்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு நேரம் கிடைக்கும் என்பதால் அன்றைக்குத்தான் பேனுக்கு மருந்து போடுகிறேன். சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து. தொட்டியில் சேரும் அளவு ரொம்பக் குறைச்சல், மீன் தாங்குகிற அளவுதான். ஆனால் அதை முதலில் ஒரு பச்சை மக்கில் கலக்கிக்கொண்டு, அதிலிருந்து சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு தொட்டியிலும் விடுவேன். மீதி மக்கிலேயே கைப்பிடிச் சுவர்மேல் கிடக்கும். மறுநாள் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

அந்த மக்கில் தண்ணீர் எங்கிருந்து எடுப்பேன் தெரியுமா? கைக்கு எட்டுகிற தொட்டி அதுதான் என்று பாதாம் இலைத் தொட்டியிலிருந்து முகந்துகொள்வேன். இப்போது போய்ப் பார்த்தேன். மக்கின் அடியில் பழுப்புத் தண்ணீர் ஒரு விரல் ஆழம். அதில் மூன்று தேனீ மிதந்துகொண்டிருந்தன. விளிம்பில் ஒன்று உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. கையால் தட்டிவிட்டேன். பறந்து நேராகப் பெட்டிக்குத்தான் போனது.

அவ்வளவு நாளும் இலையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இலை வாசனையை நம்பி வந்தவற்றுக்கு அதே வாசனையில் மருந்தை வைத்திருக்கிறேன். மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். பேனுக்கு மருந்து போடாமல் இருக்க முடியாது, நாற்பது தாய் மீன் இருக்கிறது.

பூச்சியியல் மாணவி

தெரியாமல் நடந்ததுதானே அண்ணா. ராணி நன்றாக இருக்கிறது, புழு இருக்கிறது, கூட்டம் தேறிவிடும்.

மக்கில் இருப்பதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், செடிக்கும் வேண்டாம். வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள். இனிமேல் மூடி உள்ள பாட்டிலில், சாதாரணத் தண்ணீரில், பொழுது சாய்ந்து தேனீ எல்லாம் பெட்டிக்குள் போன பிறகு கலக்குங்கள். மருந்து போட்ட தொட்டிகளின்மேல் நைலான் வலை. பேனுக்கு இடுக்கியால் எடுப்பதும், தொட்டியைக் காலிசெய்து காயப்போடுவதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். முடிந்தவரை அதைச் செய்துவிட்டு, மருந்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இடத்தை மாற்றுவது கொஞ்சம் பாடு. பழகிய இடத்தை விட்டு வராது. அதற்கு உங்களிடமே நல்ல தூண்டில் இருக்கிறது: பாதாம் இலை. மண் தட்டில் ஒரே ஒரு இலையைக் கூழாங்கல்மேல் பாதி நனைகிற மாதிரி வைத்து, மீன் தொட்டிகளை எல்லாம் ஒரு வாரம் வலைபோட்டு மூடுங்கள். அந்த அளவு துவர்ப்பால் ஒன்றும் ஆகாது. இரண்டு கல் உப்பும் போடுங்கள், போதும்.

எண்ணூர்க் கழிமுகம்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கம் கழிமுகத்தில் அலையாத்தி பூக்கும்போது தேனீ அந்தச் சேற்றுக் கரையிலேயே இறங்கித் தண்ணீர் உறிஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். இலை அழுகி, உப்பும் கசிந்து, கறுத்த தண்ணீர். அதைக் குடித்துவிட்டு எதுவும் சாகவில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டீக்கடைப் பேப்பர் கப். மிச்சச் சர்க்கரைக்காக உள்ளே இறங்கி ஏற முடியாமல் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. தமிழ்நாட்டிலேயே இதை எண்ணிப் பார்த்து 2011இல் கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் தெருவில் டீக்கடை இருந்தால் மூடிபோட்ட குப்பைத்தொட்டி வைக்கச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி மீன்காரன், கொளத்தூர்

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன்.

அன்றைக்கே மக்கை உடைத்து எடுத்துவைத்துவிட்டேன். மாடி முழுக்க வலை. முதல் இரண்டு நாள் தேனீக்கள் வலைமேலேயே சுற்றின, பார்க்கவே பாவமாக இருந்தது. வலைக் கண்ணுக்குள் நாக்கை நீட்டிப் பார்த்தன. மூன்றாம் நாள் மத்தியானம் ஒன்று மண் தட்டில் இறங்கியது. இலையின் காம்புப் பக்கம் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது. மறுநாள் காலையில் ஏழு தேனீ வந்தன. நேற்று பதினாறு வரைக்கும் எண்ணினேன், அதற்குமேல் கலந்துவிட்டன.

நடுவில் ஒரு திங்கட்கிழமை வந்து போனது. கூட்டும்போது கீழே நான்கு. நான்கும் சிறகு கிழிந்த கிழட்டுத் தேனீ, நாக்கு உள்ளேதான் இருந்தது.

பட்டைக்குழி ஐயா, ஒருநாள் மாதவரம் வந்து உங்கள் ஆறு பெட்டியையும் பார்க்க ஆசை. வரும்போது பாதாம் இலை ஒரு கட்டு கொண்டுவருகிறேன். பெரியம்மாவிடம் கடுக்காய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் அந்தக் கடுக்காயை நீயாவது சாப்பிடு என்று கொடுத்தனுப்பியிருக்கிறார்.

தட்டில் இலையை இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றுகிறேன், கொசுப் புழு வைத்துவிடக் கூடாது என்று. பழைய தண்ணீரையும் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் புதுசு ஊற்றுகிறேன். வாசனை போய்விட்டால் திரும்பவும் எங்கே போகும் என்று பயம்.